இருட்டு என்ன விலை?

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே புரொஜக்டர். பெட்டியின் மேல், கண்ணைப் பறிக்கும் எழுத்தில் ‘9,000 லூமென்ஸ்’ என்று போட்டிருந்தது. லூமென்ஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் பி.காம். படித்தவன். எண் பெரிதாக இருந்து விலை சிறிதாக இருந்தால் எங்கோ இடிக்கிறது என்ற அளவுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். நீங்களும் இப்படி எதையாவது வாங்கியிருப்பீர்கள், வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

வாங்கியது அம்மாவுக்காக. எழுபத்தைந்து தாண்டியாகிவிட்டது, முழங்கால் தகராறு. கடைசியாக ஒரு மல்ட்டிபிளெக்ஸுக்கு அழைத்துப்போனபோது இருட்டில் படி ஏற முடியாமல் பாதியில் நின்று, “நீங்க போய் உக்காருங்கடா, நான் இங்கயே நிக்கறேன்” என்றாள். அன்றோடு தியேட்டர் முடிந்தது. கண் ஆபரேஷன் ஆகி இப்போது பார்வை பிரமாதம். கால்தான் வராது. சரி, தியேட்டரையே சேலையூருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணி. ஹால் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு, அம்மா கேட்ட படத்தைப் போட்டேன். ‘அந்த நாள்’. சுவரில் ஏதோ அசைந்தது. பழைய துணியில் காபி கொட்டிய மாதிரி இருந்தது.

“யாருடா இது, சிவாஜியா?” என்றாள் அம்மா.

“ஆமாம்மா.”

“உடம்பு சரியில்லையா அவருக்கு?”

போட்டோகிராபர் நண்பர் ஒருவர் ஒளி அளக்கும் மீட்டருடன் வந்தார். முறை எளிது. முழு வெள்ளைப் படத்தைச் சுவரில் போடுங்கள். அதை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் லக்ஸ் அளந்து, சராசரி எடுத்து, சதுர மீட்டரால் பெருக்கினால் லூமென்ஸ். ‘ஆன்ஸி லூமென்ஸ்’ என்பது ஏறக்குறைய இதுதான். எங்கள் படம் 100 இஞ்ச். அதாவது ஏழேகால் அடி அகலம், நாலு அடிக்குக் கொஞ்சம் அதிகமான உயரம். பரப்பு 2.75 சதுர மீட்டர். சராசரி 150 லக்ஸ். பெருக்கினால் 410 சொச்சம். பெட்டியில் இருந்தது 9,000. ஆடிட்டிங்கில் இதற்கு வேறு பெயர் உண்டு.

பெட்டியில் ‘ஆன்ஸி’ என்ற சொல் இல்லாமல் வெறும் லூமென்ஸ் என்று இருந்தால் அதை விலாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘4கே சப்போர்ட்’ என்பதும் அதே ஜாதி. 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், 4கே-யாகக் காட்டும் என்று அல்ல. ‘நேட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் நிஜம்.

கோபத்துடன் திருப்பி அனுப்பப் போனேன். நண்பர் தடுத்தார். “இருங்க. தியேட்டர்ல எவ்வளவு வெளிச்சம் இருக்கும்னு நினைக்கறீங்க?”

இங்கேதான் கதை திரும்புகிறது. சினிமா தியேட்டர் திரைக்கு உலகம் முழுக்க ஏற்கப்பட்ட பிரகாசம் ஒன்று உண்டு. ஃபிலிம் காலத்தில் 16 ஃபுட்-லாம்பர்ட், டிஜிட்டலில் 14. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சாதாரண வெள்ளைத் திரையில் ஒரு சதுர அடிக்கு 16 லூமென்ஸ், அவ்வளவுதான். என் படம் ஏறத்தாழ 30 சதுர அடி. பதினாறால் பெருக்கினால் 480. டிஜிட்டல் கணக்குப்படி 420. என் பொய் சொன்ன பெட்டி தருவது 410. அதாவது, மோசடி என்று நான் திட்டிய மெஷின் கிட்டத்தட்ட தியேட்டர் அளவுக்கு வெளிச்சம் தந்துகொண்டுதான் இருந்தது. குறைந்தது வெளிச்சம் இல்லை ஸார். இருட்டு.

யோசித்துப் பாருங்கள். புரொஜக்டர் எல்லாவற்றையும் சுவரில் வீசும். சிவப்பை வீசும், வெள்ளையை வீசும். கறுப்பை வீசவே முடியாது. கறுப்பு ஒளி என்று உலகில் ஒன்று கிடையாது. படத்தில் கறுப்பு இருக்கும் இடத்தில் மெஷின் தன்னால் முடிந்தவரை ஒன்றும் செய்யாமல் இருக்கிறது. அங்கே நீங்கள் பார்ப்பது உங்கள் வீட்டுச் சுவரை. சுவர் எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ, சிவாஜியின் தலைமுடி அவ்வளவுதான் கறுப்பு.

கணக்குப் போடலாம். டியூப்லைட் எரியும் ஹாலில் சுவர் மேல் சுமார் 100 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். என் மெஷினின் வெள்ளை 150. இரண்டும் சேர்ந்து வெள்ளை 250, கறுப்பு 100. வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் இரண்டரை மடங்கு. காபி கொட்டிய துணி கணக்கு இதுதான். விளக்கை அணைத்தாயிற்று, ஜன்னல் வழியே தெருவிளக்கு மட்டும் 5 லக்ஸ் என்றால்? 155-க்கு 5. முப்பத்தொரு மடங்கு. பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் கான்ட்ராஸ்ட், ஜன்னலில் வந்த ஒரே ஒரு தெருவிளக்கில் முப்பத்தொன்றாகிவிட்டது.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. தூரத்தை முதலில் அளங்கள். ‘த்ரோ ரேஷியோ’ 1.3 என்றால் படத்தின் அகலத்தைப் போல 1.3 மடங்கு தள்ளி வைக்க வேண்டும். ஏழேகால் அடி படத்துக்கு ஒன்பதரை அடி. பத்துக்குப் பத்து பெட்ரூமில் புரொஜக்டர் உங்கள் மடியில் உட்காரும். மெஷினை நேராக வையுங்கள். கோணலாக வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ பட்டனால் சரிசெய்தால் படம் சதுரமாகும், கூர்மை போய்விடும். ஏனென்றால் அது படத்தைத் திருத்துவதில்லை, உள்ளேயே சுருக்குகிறது. சுவருக்குப் பளபளப்பு இல்லாத பெயின்ட் போதும். பளபளா எமல்ஷன் அடித்தால் நடுவில் ஒரு நிலா தெரியும். கூரையும் பக்கச் சுவர்களும் வெள்ளையாக இருந்தால் படத்தின் வெளிச்சமே அங்கே பட்டுத் திரும்பி வந்து படத்தைக் கெடுக்கும். தியேட்டர் சுவர்கள் ஏன் அழுது வடியும் நிறத்தில் இருக்கின்றன என்று இப்போது புரிகிறதா?

பராமரிப்பில் முதல் எதிரி தூசி. கேம்ப் ரோடு பக்கம் குடியிருந்தால் விளக்கமே வேண்டாம். காற்று போகும் வழியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யுங்கள், மெஷினை அணைத்துவிட்டு. ஃபில்ட்டர் அடைத்தால் சூடு, சூடானால் ஆயுள் குறைவு. பல்பு வைத்த மெஷின் என்றால் படம் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்காதீர்கள், ஃபேன் நிற்கும்வரை பொறுங்கள். பல்பு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் மணி நேரம் வரும். எல்.இ.டி. இருபதாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். தினம் ஒரு படம் பார்த்தாலும் இருபது வருஷம். அதற்குள் மெஷினுக்கு உள்ளே புகுந்த தூசி ஹீரோயின் கன்னத்தில் மச்சமாக உட்கார்ந்துவிடும் என்பதுதான் விஷயம். லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி வைத்தே இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் நல்ல மருந்து.

எல்லாம் செய்தேன். திரைச்சீலை, விளக்கணைப்பு, இரவு எட்டு மணி. அம்மாவை நடு நாற்காலியில் உட்கார வைத்து மறுபடி ‘அந்த நாள்’.

இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1954. ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ்.பாலசந்தர் டைரக்‌ஷன், மாருதி ராவ் கேமரா. பாட்டே கிடையாது. தமிழ்ப் படத்தில் பாட்டு இல்லை என்பது இன்றைக்கும் செய்தி, அன்றைக்கு அதிர்ச்சி. குரோசாவாவின் ‘ராஷோமான்’ 1950-ல் வந்திருந்தது. பாலசந்தர் அதிலிருந்து எடுத்துக்கொண்டது கதையை அல்ல, ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லும் யோசனையை. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். யார் சுட்டது? ஜாவர் சீதாராமன் இன்ஸ்பெக்டராக வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம். அந்தச் சிவாஜியை நல்லவன் என்று நம்ப முடியாத ஒரு ஆளாகக் காட்டத் துணிச்சல் வேண்டும்.

முதல் சிக்கல் என் பையன். படம் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று சட்டம், சுவரில் பதினாறுக்கு ஒன்பது. இரண்டு பக்கமும் காலியிடம். “அப்பா, ஃபுல் ஸ்க்ரீன் போடு” என்று ரிமோட்டை அமுக்கினான். சிவாஜிக்கும் பண்டரிபாய்க்கும் ஒரே நொடியில் பத்து கிலோ கூடியது. இதுதான் பழைய படங்களுக்கு நாம் வீட்டில் செய்யும் அநியாயம். அகலமாக இழுக்கிறோம், இல்லாவிட்டால் மேலும் கீழும் வெட்டித் தலையில்லாமல் பேச வைக்கிறோம். ஓரம் காலியாக இருந்தால் காசு வீண் என்று ஒரு எண்ணம். சட்டத்துக்குள் எங்கே ஆள், எங்கே சுவர் என்று ஒருவர் அளந்து வைத்திருக்கிறார். அதில் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது சிக்கல் பெரியது. எங்கள் தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு போய் வெள்ளை எல்.இ.டி. வந்தாயிற்று. எதிர்வீட்டு கேட்டில் ஒரு விளக்கு, பக்கத்து வீட்டுக் காருக்குக் காவலாக ஒரு விளக்கு. சீலையின் மேலும் கீழும் இடுக்குகளில் வெளிச்சம் புகுந்தது. கறுப்பு வெள்ளைப் படம், சாம்பல் வெள்ளைப் படமாக ஓடியது. சாட்சி சொல்லும் முகங்களில் பாதியை மாருதி ராவ் நிழலில் வைத்திருக்கிறார். அந்தப் பாதியில் என் வீட்டுச் சுவரின் பட்டி பார்த்த தடம் தெரிந்தது. கதை புரிகிறது, வசனம் கேட்கிறது, ஆனால் யார் மேலும் சந்தேகம் வரவில்லை. எல்லாரும் பளிச்சென்று அப்பாவியாக இருந்தார்கள். அம்மா கொட்டாவி விட்டாள்.

“டென்ட்டு கொட்டாயில பொழுது சாயாம படம் போட மாட்டான்டா. இருட்டணும். நீ என்னமோ ஊரு பூரா லைட்டைப் போட்டுக்கிட்டுப் படம் காட்டறே.”

அம்மா சொன்னதில் நூறு வருஷ சரித்திரம் இருக்கிறது. 1905-ல் திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன் சாமிக்கண்ணு வின்சென்ட், டூப்பான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனார். கூடவே கூடாரமும் போனது. பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்காரர்களும் கீற்றைப் போட்டு, மணலைக் கொட்டி, சூரியன் விழும்வரை லவுட்ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக் காத்திருந்தார்கள். சூரியனுக்குப் போட்டியாகப் படம் காட்ட முடியாது என்பது அவர்களுக்கு மீட்டர் இல்லாமலே தெரிந்திருந்தது.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது.

தெரு முழுக்க. எங்கள் இன்வர்ட்டரை யு.பி.எஸ். மோடில் வைத்திருந்ததால் புரொஜக்டரும் டி.வி.டி. பிளேயரும் ஒரு முறை கண் சிமிட்டிவிட்டுத் தொடர்ந்தன. தெருவிளக்கு இல்லை. எதிர்வீட்டு கேட் இல்லை. பக்கத்துக் கார் இருந்த இடம் தெரியவில்லை. சுவரில் கறுப்பு வந்தது. நிஜக் கறுப்பு. இரண்டு பக்கமும் சாம்பலாகத் தொங்கிய காலியிடம் காணாமல் போய், நடுவில் படம் மட்டும் அந்தரத்தில் நின்றது. பண்டரிபாய் திரும்பினார். முகத்தில் பாதி இல்லை. அந்த இல்லாத பாதியில் என்னவோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று முதல் தடவையாகத் தோன்றியது. பையன் ரிமோட்டைக் கீழே வைத்தான். அம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. இந்தக் கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டி. குண்டுக்குப் பயந்து விளக்குகளை மறைத்து வாழ்ந்த ஊரைப் பற்றிய படத்தைத் தெருவே இருண்டு கிடந்த ஒரு ராத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குறை சொல்ல இடம் உண்டு. கடைசிப் பகுதியில் தேசபக்தி வசனம் நீளம். நிழல் சொல்லி முடித்ததை வாய் மறுபடி சொல்கிறது. ஆனால் அதுவரை இது சந்தேகத்தைப் பற்றிய படம், சந்தேகம் குடியிருப்பது இருட்டில். இருட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு போலீஸ் ரிப்போர்ட். பி.சி.ஸ்ரீராமுக்கு தேசிய விருது வாங்கித் தந்த ‘நாயகன்’ (1987) ஆனாலும் இதே கதிதான். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “ஒரே இருட்டுப்பா, ஒண்ணும் தெரியல” என்று சொல்பவர்கள் கேமராமேனைக் குறை சொல்வதற்கு முன் ஸ்விட்சைப் பார்க்கலாம்.

தியேட்டர்காரர் நமக்கு விற்பது படம், பாப்கார்ன், ஏ.சி. என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். குரோம்பேட்டை வெற்றியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும் அந்த இரண்டு மூன்று வினாடிகள்தான் டிக்கெட்டின் பெரும்பகுதி என்று இப்போது தெரிகிறது. அந்த இருட்டை எந்தக் கம்பெனியும் அட்டைப்பெட்டியில் வைத்துத் தருவதில்லை. புரொஜக்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கனமான கறுப்புத் துணிக்கு ஒதுக்குங்கள். லூமென்ஸ் கூடுவதைவிட அது அதிகம் காட்டும்.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது. படத்தில் இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. கொலையாளி யார் என்று தெரியப்போகிற நேரம். சுவர் மறுபடி வெளுத்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“சனியன், இப்பத்தான் வரணுமா இது!”

கரண்ட் வந்ததற்காக எங்கள் தெருவில் யாராவது திட்டியது அதுதான் முதல் தடவை.