‘நாம்’, ‘நாங்கள்’: கோராவின் தன்வரலாற்றில் பிள்ளைகளின் இடம்

ஆந்திர நாத்திகச் சிந்தனையாளர் கோராவின் (கோபராஜு ராமச்சந்திர ராவ், 1902–1975) ‘வி பிகம் எதிஸ்ட்ஸ்’ என்னும் ஆங்கிலத் தன்வரலாறு 1975இல் வெளிவந்தது. தன்வரலாற்றுத் தலைப்பில் ஒருமைக்கு மாறாகப் பன்மை அமைந்திருப்பது கருதத்தக்கது. ஆயின் அப்பன்மை எத்தகையது? கேட்போரை உட்படுத்தும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. கோராவின் தாய்மொழியாகிய தெலுங்கிலும் ‘மனமு’, ‘மேமு’ என உண்டு. அவர் எழுதிய ஆங்கிலத்தில் இல்லை. இதனை வெறும் இலக்கண நுட்பம் என ஒதுக்க இயலாது. ‘நாம் நாத்திகர்’ என்று பிள்ளையிடம் கூறும் பெற்றோர் பிள்ளையின் முடிவையும் தாமே எடுத்துவிடுகின்றனர்; ‘நாங்கள் நாத்திகர்’ என்போர் அதனைப் பிள்ளைக்கே விட்டுவைக்கின்றனர். சமயம் சாராப் பெற்றோர் எவரும் எதிர்கொள்ளும் சிக்கல் இது.

கோராவின் இல்லத்தில் மேலோங்கியது ‘நாம்’ என்றே கொள்ளவேண்டும். உப்புச் சத்தியாகிரக ஆண்டான 1930இல் பிறந்த மகனுக்கு லவணம் எனப் பெயரிட்டனர். ஏனைய மைந்தருள் விஜயம், சமரம் என்னும் பெயர்களும் உள. தெய்வப்பெயர் நீங்கிய இடத்தில் நாட்டு வரலாறு புகுந்தது. பெயரிடும் உரிமை பெற்றோரிடமே நின்றது. (ஆத்திகர் இல்லத்திலும் நிலை இதுவே, அங்கு எவரும் அதனை வினவுவதில்லை.) அரசின் ஏற்போ உதவியோ பெற்ற கல்வி நிலையங்களில் சமயக் கல்வி பெறுவதற்கான இசைவைச் சிறார் சார்பில் காப்பாளரே தரவேண்டும் என அரசியலமைப்பின் 28(3)ஆம் உறுப்பும் கூறுகிறது.

மகள் மனோரமாவின் திருமணம் இதனினும் நுட்பமானது. தலித் இளைஞர் ஒருவருடன் நிகழவிருந்த அம்மணத்தை நடத்திவைக்கக் காந்தியடிகள் இசைந்தார். கடவுளின் பெயரால் என்பதற்கு மாற்றாகச் சத்தியத்தின் பெயரால் எனக் கூறவும் ஒப்பினார். அவர் கொல்லப்பட்ட பின்னர், 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் மணம் நடந்தேறியது. இச்செய்தியைத் தரும் ‘ஆன் எதிஸ்ட் வித் காந்தி’ (1951) கோராவின் நினைவுகூர்தல். சொல்லில் விட்டுக்கொடுத்தவர் காந்தியடிகள் என்பது அதில் தெளிவு. மணமகளின் விருப்பமோ தந்தையின் எழுத்துவழியே படிப்போரை அடைகிறது.

லவணம் பிற்காலத்தில் தந்தையின் பணியையே தொடர்ந்தார். அதனை அவ்வளர்ப்புமுறையின் வெற்றிக்குச் சான்றாகக் கொள்வது எளிது. அவர் வேறு வழி சென்றிருப்பின் அவ்வில்லம் எவ்வாறு ஏற்றிருக்கும் என்னும் வினாவிற்குத் தந்தையின் நூலில் மட்டும் விடை தேடல் போதாது. பிள்ளைகளின் எழுத்துகளையும் உரைகளையும் அதனோடு ஒப்பிட்டு நோக்கவேண்டும்.