அந்தியில் தானே இறங்கும் கதவு

தென் ஒன்டாரியோவில் கோழி வளர்ப்போருக்கு ஆண்டு முழுவதும் தீராத விசாரம் ஒன்று உண்டு. கூண்டுக் கதவை எந்த வேளையில் அடைப்பது என்பதே அது. டொரான்டோவை ஒட்டிய இந்தப் பிரதேசத்தில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் இரவு 9 மணிக்குத்தான் மறைகிறான். டிசம்பர் தொடக்கத்திலோ மாலை 4.40-க்கே அஸ்தமனமாகிவிடுகிறது. வெளிச்சம் மங்கியதும் தாமாகவே வந்து அடையும் சுபாவம் கோழிகளுக்கு இயற்கையிலேயே அமைந்திருப்பதால், அவற்றை உள்ளே சேர்ப்பது பெரிய காரியமன்று. அவை அடைந்த பின்பு, ரக்கூன் என்னும் இராப் பிராணி இரை தேடிக் கிளம்புவதற்கு முன்பாக, அந்தக் குறுகிய இடைவேளையில் ஒருவர் நாள் தவறாமல் சென்று தாழ்ப்பாள் போடவேண்டும் என்பதுதான் கஷ்டம். நம் கிராமங்களில் பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தைக் கவிழ்ப்பதற்கு வீட்டில் யாரேனும் ஒருவர் எப்போதும் இருந்தார்கள். பட்டணத்து உத்தியோகத்தையும் கிராமத்து வாசத்தையும் சேர்த்து நடத்தும் இங்குள்ள குடும்பங்களில், அந்த வேளையில் வீட்டார் அனைவரும் நெடுஞ்சாலையில் இருப்பதே வழக்கம். இக்குறையை நிவர்த்திப்பதற்காக விற்பனைக்கு வந்திருக்கும் தானியங்கிக் கூண்டுக் கதவைக் கோடையிலும் பனிக்காலத்திலும் எங்கள் கூண்டில் பொருத்திப் பரீட்சித்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயங்களை இங்கே எழுதுகிறேன்.

கதவை மதிப்பிடுமுன் அது யாரைத் தடுக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வது அவசியம். நரியும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த மிங்க்கும் இப்பக்கத்தில் உண்டு என்றாலும், கதவைப் பொறுத்தவரையில் ரக்கூனே பிரதான எதிரி. அதன் முன்னங்கால்களில் நீண்டு மெலிந்த ஐந்து விரல்கள் இருக்கின்றன. அவ்விரல்களின் ஸ்பரிச உணர்வு வெகு நுட்பமானது. இருளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கியையும் அது தடவிப் பார்த்தே புரிந்துகொள்கிறது. அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எச். பி. டேவிஸ் என்பவர் 1907-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், விதவிதமான 13 பூட்டமைப்புகளில் 11-ஐ ரக்கூன்கள் திறந்துவிட்டன என்று காணப்படுகிறது. டொரான்டோ நகரசபை 2016-இல் ரக்கூனுக்கு ஈடுகொடுக்கும் என்று சுழல்பிடி வைத்த குப்பைத்தொட்டிகளை வீடுதோறும் கொடுக்கத் தொடங்கியது. அவற்றையும் கவிழ்த்துத் திறந்த ரக்கூன் ஒன்று இரண்டே ஆண்டுகளில் படம்பிடிக்கப்பட்டது. இத்தகைய ஜந்துவின் முன்னால், சாதாரணக் கொண்டியையும் நாதாங்கியையும் நம்பிக் கோழிகளை விட்டுவைப்பது அவற்றுக்குச் செய்யும் துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

நாங்கள் வாங்கியது மேலும் கீழும் வழுக்கி ஓடும் அலுமினியத் தகட்டுக் கதவு. உள்ளங்கையில் அடங்கும் மோட்டார்ப் பெட்டி ஒன்று வாசலுக்கு நேர் மேலே திருகப்பட்டிருக்கிறது. அதிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறு தகட்டின் தலையில் இணைந்திருக்கிறது. தகடு இருபுறமும் உள்ள பள்ளச் சட்டங்களுக்குள் ஓடுகிறது. இதில் நான் மிகவும் மெச்சுவது அடிப்பாகத்திலுள்ள பூட்டுத்தான். கதவு தரையைத் தொட்டுக் கயிறு தளர்ந்த அந்த க்ஷணத்திலேயே, தகட்டோடு பொருத்திய இரண்டு சிறு கரங்கள் இடமும் வலமுமாக விரிந்து, சட்டத்திலுள்ள துளைகளில் போய் மாட்டிக்கொள்கின்றன; மோட்டார் கயிற்றை மேலிருந்து இழுத்தாலன்றி அவை ஒடுங்குவதில்லை. வெளியே மண்டியிட்டு, தகட்டின் கீழ்விளிம்பில் நகத்தைக் கொடுத்தும், பிறகு தட்டையான திருப்புளியைச் செருகியும் நெம்பிப் பார்த்தேன்; தகடு மயிரிழை அசைந்ததே தவிர எழும்பவில்லை. இந்தக் கரங்கள் இல்லாத மலிவு ரகங்களும் கடைகளில் கிடைக்கின்றன. தன் கனத்தாலேயே மூடிக்கிடக்கும் அந்தத் தகட்டை ஒரு விரலால் தூக்கிவிடலாம்; விலை எவ்வளவு குறைவானாலும் அதை யாருக்கும் சிபாரிசு செய்ய என் மனம் ஒப்பாது.

கதவு எப்போது இயங்க வேண்டும் என்பதை நேரத்தைக் கொண்டும் நிர்ணயிக்கலாம், வெளிச்சத்தைக் கொண்டும் நிர்ணயிக்கலாம். நேரத்தை மட்டும் நம்பினால், அஸ்தமனம் நான்கு மணி நேரத்துக்கு மேலாக முன்னும் பின்னும் நகரும் இந்த அட்சரேகையில், வாரந்தோறும் முள்ளைத் திருத்திக்கொண்டே இருக்க நேரிடும். ஆகவே அடைப்பதை வெளிச்சத்துக்கும், திறப்பதை நேரத்துக்கும் விட்டுவிடுவதே உசிதம் என்று பல வகையிலும் மாற்றிப் பார்த்துத் தீர்மானித்தேன். ஏனெனில் விடியற்காலையின் முதல் வெளிச்சத்தில் கதவு திறந்துகொண்டால், நரி இன்னும் வேலியோரத்தில் உலவும் வேளையில் கோழிகள் வெளியே வந்துவிடும். முற்றத்து மின்விளக்கின் ஒளி, வெளிச்சத்தை அறியும் உணரியின்மேல் விழாதபடி பெட்டியைப் பொருத்துவதும் முக்கியம். விழுந்தால் இரவாகியும் கதவு திறந்தே கிடக்கும்.

இறங்கும் கதவின் கீழே கோழி நின்றால் என்ன ஆகும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வருவதுதான். துவாலை ஒன்றைச் சுருட்டி வாசற்படியில் வைத்துப் பார்த்தேன். தகடு அதைத் தொட்டதும் நின்று, மறுபடி மேலேறி, சற்றுப் பொறுத்து மீண்டும் இறங்க முயன்றது. அழுத்தம் பலமாக இல்லை. ஆனால் இந்த நற்குணமே மற்றொரு விதத்தில் குறையாகிறது. கோழிகள் கிளறித் தள்ளும் வைக்கோல் வாசற்படியில் சேர்ந்தாலும், பனியுருகிய நீர் சட்டத்தில் உறைந்து கட்டியானாலும், அதையும் ஓர் உயிர் என்றே கருதி யந்திரம் பின்வாங்கிவிடுகிறது. படியைப் பெருக்கி வைப்பது தினசரிக் கடமையாகிறது. கதவை இயக்கும் பாட்டரிகள் சாதாரண அல்கலைன் ரகமானால், கடுங்குளிரில் அவற்றின் சக்தி வெகுவாகக் குன்றும். லித்தியம் பாட்டரிகளுக்குச் செலவழிக்கும் கூடுதல் பணம் வீணன்று.

யந்திரத்துக்கு இயலாத காரியம் ஒன்றுண்டு: உள்ளே எத்தனை கோழிகள் அடைந்தன என்று அது எண்ணிப் பார்ப்பதில்லை. புதிதாக மந்தையில் சேர்ந்த இளங்கோழியை மூத்தவை கொத்தி விரட்டும்போது, அது தயங்கித் தயங்கி வாசலுக்கு வருவதற்குள் கதவு இறங்கிவிடலாம்; வெளியே தங்கிய கோழிக்கு, நன்றாகப் பூட்டிய கதவைவிடக் கொடிய ஆபத்து வேறில்லை. அடைக்கும் நேரத்தைச் சில நிமிஷங்கள் தள்ளிவைக்கும் வசதி இருப்பதால் இது குறையுமேயன்றி நீங்காது. எந்த வேளையில் வீடு திரும்பினாலும் விளக்கோடு ஒருமுறை சென்று கழிகளின்மேல் அமர்ந்திருக்கும் தலைகளை எண்ணிவிட்டு வரவேண்டும்.

கதவு எத்தனை உறுதியானாலும் சுவர் பலவீனமாக இருந்தால் பிரயோஜனமில்லை. கோழிவலை என்ற பெயரில் விற்கப்படும் அறுகோணக் கம்பி கோழியை உள்ளே வைத்திருக்குமே ஒழிய, ரக்கூனை வெளியே நிறுத்தாது. அதைப் பிய்த்தெறியும் பலம் ரக்கூனுக்கு உண்டு. பெரிய கண் கொண்ட வலையானால், கையை நுழைத்து உள்ளே உறங்கும் பறவையைப் பற்றி இழுத்துவிடும். துத்தநாகம் பூசிப் பற்றவைத்த, அரை அங்குலக் கண்ணுள்ள வலையே தேவை. தோண்டும் பிராணிகளைத் தடுக்க, அதே வலையைக் கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்குத் தரையில் விரித்து ஆணியடிக்க வேண்டும். பகல் மேய்ச்சலுக்கு நாங்கள் வைத்திருக்கும் மின்சார வலைவேலி, புல் வளர்ந்து கம்பியைத் தொடாத வரையில், நல்ல துணை. ஆழ்ந்த பனியில் அது பயன்படாது. கடும் பனி நாட்களில் ரக்கூன்கள் பெரும்பாலும் வளையிலேயே முடங்குவதால் அவற்றின் மட்டில் இந்தக் குறை பொறுக்கத்தக்கது. நரிக்கும் மிங்க்குக்கும் அந்த ஓய்வு கிடையாது. இரவில் மினுக்கும் சிவப்பு விளக்குகளையும் விற்கிறார்கள். பழகிப்போன ரக்கூன் அவற்றைச் சட்டை செய்யும் என்று நான் நம்பவில்லை.

பொறிவைத்துப் பிடித்துத் தொலைதூரத்தில் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோக ஒன்டாரியோவின் சட்டம் இடந்தருவதில்லை. வசந்தகாலத்தில் அகப்படுவது தாயாக இருந்தால், எங்கோ மரப்பொந்தில் குட்டிகள் பசியால் மடியும். பசித்த பிராணியின்மேல் எனக்குப் பகையில்லை. அதற்கு இங்கே இரை கிடைக்காது என்று செய்துவிட்டால் அது தன் வழியே போய்விடும். அதனால்தான் 200, 300 டாலர் கொடுத்து இக்கதவை வாங்கியதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கையில் பணம் சுருக்கமாக இருப்பவர்கள் முதலில் வலையை மாற்றிக்கொண்டு, கதவை அடுத்த பருவத்தில் வாங்கலாம். வாங்கும்போது முட்டைப்பெட்டியின் மூடிக்கும் அழுத்தித் திருகித் திறக்கும் வளையக் கொக்கி ஒன்று சேர்த்து வாங்குவது நலம். முன்வாசல் பூட்டியிருப்பதைக் கண்ட ரக்கூன் அடுத்துத் தடவிப் பார்ப்பது அந்த மூடியைத்தான்.