இஹ்யாவும் அதன் அடிக்குறிப்பும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' குறித்து நம்மிடையே இரு சாரார் உளர். அந்நூலில் பலவீனமான ஹதீஸ்கள் மலிந்துள்ளன. ஆதலின் அது ஓதத்தகாதது என்பர் ஒரு சாரார். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எடுத்தாண்ட ஹதீஸ்களைத் துருவிப் பார்ப்பதே அதபுக்கு மாறானது என்பர் மற்றொரு சாரார். இருவரும் உரத்துப் பேசுகின்றனர். ஆனால் கெய்ரோப் பதிப்புகளில் மூலத்தின் கீழே பொடி எழுத்தில் ஓடும் அடிக்குறிப்பை இவர்களுள் படித்தோர் மிகச் சிலரே. இவ்வழக்கின் தீர்ப்பு அங்கே அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

எழுதியவர் ஹாபிழ் ஜைனுத்தீன் இராக்கி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 806இல் (கி.பி. 1404) மறைந்தவர்; இப்னு ஹஜர் அஸ்கலானி அவர்களின் ஆசிரியர். பயணத்தின்போது ஏடுகளைச் சுமக்கும் பாட்டை இல்லாதாக்குவது எனப் பொருள்படும் பெயரை அவர் தம் குறிப்புக்குச் சூட்டினார். அரபியில் ஏடுகளையும் பயணங்களையும் குறிக்கும் சொற்கள் எழுத்தாலும் உயிரொலியாலும் ஒன்றாகவே இருப்பதால் அப்பெயரில் ஒரு நயமும் உண்டு. இஹ்யாவின் ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதைப் பதிவு செய்தவர் யார், எந்த ஸஹாபியின் வழியாக வந்தது, தரம் யாது என்று எழுதிச் செல்கிறார். மூலம் தமக்குக் கிட்டவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடும் இடங்களும் பல. தள்ளத்தக்க நூலுக்கு ஒரு ஹாபிழ் இத்துணை பாடுபடுவாரா? துருவிப் பார்ப்பது அவமதிப்பாயின் இக்குறிப்பை இஹ்யாவோடு சேர்த்தே அச்சிட்டு வந்திருப்பார்களா?

இமாமவர்களும் இத்துறையில் தமக்குள்ள முதல் சொற்பமே எனத் தம் எழுத்திலேயே ஒப்புக்கொண்டவர்கள். இறுதி நாட்களில் புகாரி, முஸ்லிம் ஆகியவற்றில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அவர்கள் காலத்தவரான அப்துல் காபிர் பார்ஸி எழுதி வைத்திருக்கிறார். இமாம் சொல்லாத பெருமையை அவர் மீது ஏற்றுவதில் என்ன பக்தி இருக்கிறது?

இஹ்யாவுக்கு எதிர்ப்பும் புதிதன்று. இமாம் உயிரோடிருந்த போதே, ஹிஜ்ரி 503இல் (கி.பி. 1109), குர்துபாவில் அது எரியூட்டப்பட்டது. ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த இப்னுல் ஜவ்ஸி அதன் ஹதீஸ்களைக் கடுமையாகச் சாடினார். எனினும் அவரே அதனைக் களையெடுத்துச் சுருக்கி, 'மின்ஹாஜுல் காஸிதீன்' என்று தனி நூலாக்கினார். எரித்தவர்களை விட இந்த எதிராளியே எனக்கு உகந்தவர். எது கழிய வேண்டும், எது நிற்க வேண்டும் என்று அவர் வரிவரியாகப் பார்த்தார்.

அவ்வாறு பார்த்தால் குறை எங்கே திரண்டிருக்கிறது? இன்ன நாளில், இன்ன இரவில் இத்தனை ரக்அத் தொழுதால் இத்தனை நன்மை என்று சொல்லும் பகுதிகளில் மிகுதி. ரஜபு மாதத்து ரகாயிபுத் தொழுகை அவற்றுள் ஒன்று. 'கூத்துல் குலூப்', 'இஹ்யா' இரண்டிலும் இத்தொழுகை காணப்படுவதைக் கண்டு ஏமாற வேண்டா என்று எச்சரித்தவர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்த அவர்கள், கஸ்ஸாலி இமாமைப் போலவே ஷாஃபியீ மத்ஹபின் தூண். நம் கடற்கரை ஊர்களில் ஃபத்வாவுக்கு நவவியை நாடுவோர், இவ்விடத்தில் மட்டும் அவரை மறந்துவிடுவது வியப்பே.

இனி முப்பத்தெட்டாம் கிதாபைத் திறந்து பாருங்கள். முறாகபா, முஹாசபா பற்றியது அது. அறிவை வணிகனாகவும் நப்ஸை அவனுடைய பங்காளியாகவும் வைத்து இமாம் பேசுகிறார். காலையில் பங்காளியோடு நிபந்தனை பேசு, பகலெல்லாம் கண்காணி, இரவில் கணக்குக் கேள், குறைந்திருந்தால் தண்டனை கொடு, பின்னும் சோம்பினால் கடுமையாக உழைக்க வை, இடித்துரைப்பதை நிறுத்தாதே. ஆறு படிகள். கடையடைத்த பின் பேரேடு பார்க்கும் எவருக்கும் இது உடனே விளங்கும். இப்பகுதியின் அடித்தளம் நாளைக்கென முற்படுத்தியதை நோக்கச் சொல்லும் 'ஹஷ்ர்' சூராவின் 18ஆம் வசனம். இங்கும் பலவீனமான செய்திகள் கலந்துள்ளன. ஆனால் அவற்றை உருவி எடுத்தாலும் சுவர் நிற்கிறது. தஸவ்வுபின் பயிற்சி என்று இஹ்யா கற்பிப்பது இதைத்தான்.

முப்பதாம் கிதாபில் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வோரை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்: ஆலிம்கள், வணக்கசாலிகள், ஸூபி வேடத்தார், செல்வர். பள்ளிவாசல் கட்டி அதில் தம் பெயரைச் செங்கல்லில் பொறித்துக்கொள்பவரும், அண்டை வீட்டார் பட்டினி கிடக்க மீண்டும் மீண்டும் ஹஜ்ஜுக்குப் புறப்படுபவரும் அங்கே வருகின்றனர். இவ்வளவு கூரிய பார்வைக்கு எந்த அறிவிப்பாளர் தொடர் வேண்டும்? ஹதீஸ் பலவீனம் என்று சொல்லி இந்நூலை மூடி வைப்பவர், இக்கண்டனத்திலிருந்தும் எளிதாகத் தப்பிவிடுகிறார். ரகாயிபுக்காக வாதாடுபவரும் அதே வேகத்தில் இப்பக்கத்தைத் தாண்டிச் செல்கிறார்.

பில்கிராமில் பிறந்து கெய்ரோவில் ஹிஜ்ரி 1205இல் (கி.பி. 1791) மறைந்த முர்தளா ஸபீதி (ரஹ்) இஹ்யாவுக்கு எழுதிய விரிவுரை பத்துப் பாகங்களாக அச்சேறியது. அவ்வளவையும் தமிழில் கேட்பது பேராசை. இஹ்யாவைத் தமிழில் தர முனைவோரிடம் நான் கேட்பது சிறியது: ஒவ்வொரு ஹதீஸின் கீழும் இராக்கி சொன்ன தரத்தை இடுங்கள். ஸஹீஹ், ஹஸன், ளயீப், மவ்ளூஉ என ஒரு சொல் போதும். மூலம் கிடைக்காத இடத்தில் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பக்கம் சிறிது கூடும். விலையும் சிறிது ஏறும்.