கூடப்பிறந்ததுகளைக் காட்டுங்கள்

சேவல் வளர்க்கிறவர்கள் கூடும் இடத்தில் அதிகம் அடிபடும் சொல் ‘லைன்’. இன்னார் லைன், பழைய லைன், வெளி ரத்தம் கலக்காத லைன். கிளிமூக்கு விசிறிவால் விற்பனை வீடியோ எதைத் திறந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் இது வந்துவிடும். ஒரு பட்டாவின் விலை ஆயிரத்தில் நிற்குமா, லட்சத்தைப் பார்க்குமா என்பதில் மூக்குக்கும் வாலுக்கும் அடுத்தபடி இந்தச் சொல்லுக்குத்தான் செல்வாக்கு. (பட்டா என்றால் பத்திர ஆபீஸ் சமாச்சாரம் இல்லை. வயது நிரம்பாத இளஞ்சேவல்.)

நம் ஆட்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிற விதத்தில் இரண்டு லைனை ஒப்பிடவே முடியாது என்பதுதான் என் விமர்சனம். சேவல் நன்றாக இருக்கிறதா என்று சொல்லலாம். லைன் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

இது எனக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் குறிப்பேட்டிலேயே கிடந்திருக்கும். என் சித்தப்பா மகன் மில் வேலையை விட்டுவிட்டு, வீட்டு நகையை அடகு வைத்து, ஒரு பிரீடிங் செட் வாங்கத் தயாராகிவிட்டான். ஒரு சேவல், நாலு பெட்டை. ராஜபாளையத்தில் ஒருவரிடம் ஒரு செட் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரிடம் இன்னொன்று. இடையில் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். “எந்த லைன் நல்ல லைனுன்னு நீ பாத்துச் சொல்லுண்ணே” என்றான். இரண்டு பேரையும் போய்ப் பார்த்தேன்.

ராஜபாளையத்துக்காரர் காட்டியது ஒரு சேவல். பிரமாதமான சேவல், அதில் சந்தேகமில்லை. தடித்து வளைந்த மூக்கு, தரையில் இழுபடும் வால். அதன் தகப்பன் போனில், தாத்தன் பிரேம் போட்டுச் சுவரில். மூன்று தலைமுறைக்கு மூன்று படம். இந்த மூன்று தலைமுறையில் மொத்தம் எத்தனை குஞ்சு பொரிந்தது, எத்தனை செத்தது, எத்தனை சாதா மூக்கோடு வளர்ந்து குழம்புக்குப் போனது என்று கேட்டேன். சிரித்தார். “அதெல்லாம் யாரு தம்பி எண்ணிக்கிட்டு இருக்கா?”

யாரும் எண்ணுவதில்லை. அங்கேதான் கோளாறு. நாற்பது குஞ்சில் தேறிய ஒன்றை மட்டும் காட்டினால் எந்த லைனும் நல்ல லைன்தான். எங்கள் தொழிலில் இதற்கு டெமோ என்று பெயர். அதை நம்பி யாரும் மென்பொருள் வாங்கக் கூடாது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வருஷத்துக்கு 200 குஞ்சு பொரிக்கிறவரும் 20 குஞ்சு பொரிக்கிறவரும் ஒரே தரமான லைன் வைத்திருந்தாலும், 200 பொரிக்கிறவரின் ‘பெஸ்ட்’ பெரும்பாலும் உசத்தியாகத்தான் இருக்கும். பத்து மடங்கு சீட்டு குலுக்குகிறாரே. கண்காட்சியில் கோப்பை வாங்குவது லைனா, பண்ணையின் அளவா என்று பார்வையாளருக்குத் தெரிய வழியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் வயதானவர். பேச்சு நேர் எதிர். “சேவலப் பாத்து ஏமாறாதீங்க தம்பி. தாய்க்கோழி சரியில்லன்னா எந்தச் சேவலப் போட்டாலும் வேஸ்ட்டு.” அப்பனா, ஆத்தாளா என்ற இந்தச் சண்டை எல்லா ஊரிலும் உண்டு. கோழியில் இதற்கு விடை கொஞ்சம் விசித்திரமானது. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பன் தரும் குரோமோசோமைப் பொறுத்தது. பறவையில் தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய் தன் இசட்டை மகனுக்கு மட்டும் தருகிறாள். மகளுக்கு இசட் வருவது தகப்பனிடமிருந்துதான். ஆகவே இசட்டில் உட்கார்ந்திருக்கும் குணம் எதுவானாலும் தாயிடமிருந்து மகனுக்குப் போகும், மகளுக்குப் போகாது. மற்ற குரோமோசோம்களில் இருவர் பங்கும் சரிபாதி. மூக்கையும் வாலையும் ஒரே ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை அது.

ஆனால் பெரியவர் சொன்னதில் வேறொரு நியாயம் இருக்கிறது. குஞ்சின் முதல் சில வார நோய் எதிர்ப்பு, தாய் மஞ்சள் கருவில் போட்டு அனுப்பியது. முட்டையின் அளவு தாயுடையது. அடை காப்பதும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேய்வதும் தாய்தான். இரண்டு மாதக் குஞ்சில் தெரிகிற வித்தியாசத்தில் எவ்வளவு ரத்தம், எவ்வளவு தாய்க்கோழியின் கவனிப்பு என்று பிரிக்காமல் ‘லைன்’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

சரி, வெளி ரத்தம் கலக்காத லைன். இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சியூவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1922-ல் இதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தார். உறவில்லாத ஜோடியின் மகளைத் தகப்பனோடே சேர்த்தால் பிறக்கும் குஞ்சுக்கு 25 சதவீதம். ஒரு மரபணு இடத்தில் இருக்கும் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு என்று அர்த்தம். அந்தக் குஞ்சில் வரும் பெட்டையையும் அதே சேவலோடு சேர்த்தால் 37.5. இன்னொரு சுற்று, 43.75. கூடப்பிறந்ததுகளைச் சேர்த்தாலும் முதல் இரண்டு சுற்றில் இதே கணக்குதான், மூன்றாவதில் 50. இதன் விலை முதலில் மூக்கில் தெரியாது. கூமுட்டையில் தெரியும், ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சில் தெரியும், முதல் வாரச் சாவில் தெரியும். அதாவது யாரும் எண்ணாத இடங்களில்.

நெருங்கிய உறவில் சேர்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் எந்த இனமும் அப்படித்தான் உருவானது. அதைச் செய்கிறவர் கழிக்கவும் தெரிந்திருக்க வேண்டும், என்ன கழித்தோம் என்று எழுதியும் வைத்திருக்க வேண்டும். அதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. ராஜபாளையம் நாயை எல்லோருக்கும் தெரியும். 2005-ல் தபால்தலையே வந்தது. பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று அதை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்ததன் கூடவே காது கேளாத குட்டிகளும் வந்தன. வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பு வேறு பல நாய் இனங்களிலும் தெரிந்ததே. ஒரு கண்ணுக்கு அழகானதை மட்டும் துரத்தினால் என்ன கூட வரும் என்பதற்கான பாடம் ராஜபாளையத்துத் தெருவிலேயே நடமாடுகிறது. சேவல்காரர்கள் அதைத் தாண்டித்தான் தீவனம் வாங்கப் போகிறார்கள்.

சுத்த ரத்தம் என்பதற்கும் ஒரு வார்த்தை. மஞ்சள் கால் அசில் சேவலைப் பார்த்திருப்பீர்கள். தோலும் காலும் மஞ்சளாவதற்குக் காரணமான மரபணு வடிவம், வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதையான செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல, பெரும்பாலும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-ல் ஒரு ஆய்வு காட்டியது. இந்தச் சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவுக்கு மட்டுமே சொந்தம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புப் பக்கம் விடியற்காலையில் போனால் விட்டுவிட்டுக் கூவுவதைக் கேட்கலாம். சுத்தம் என்று காலைத் தூக்கிக் காட்டுகிறார்களே, அந்த மஞ்சளே ஒரு பழைய கலப்பின் கையெழுத்து. கொண்டையும் அப்படித்தான். அசிலின் சின்னக் கொண்டைக்கான மரபணு மேலோங்குவது. ஒற்றைக் கொண்டைக் கோழியோடு கலந்தாலும் முதல் தலைமுறையில் அந்தச் சாயல் தெரியும். கொண்டையைப் பார்த்து ரத்தத்துக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

முன்பு களம் இருந்தது, அது பொய் சொல்லாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். களம் கொடூரமானது. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றம் என்கிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. அளவுகோல் என்ற வகையிலும் களம் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. ‘ஆடுகளம்’ (2011) படத்தை நினைத்துப் பாருங்கள். தேறாது, அறுத்துப் போடு என்று பேட்டைக்காரன் ஒதுக்கிய சேவலைக் கருப்பு அறுக்காமல் வளர்க்கிறான். அதே சேவல் ஜெயிக்கிறது. வெற்றிமாறன் அதைக் குருவின் வன்மமாகக் கொண்டுபோகிறார், படத்துக்கு அது சரி. கோழிக்காரன் கண்ணில் எனக்குப் பட்டது வேறு. அத்தனை அனுபவமுள்ள மனிதரின் கண்ணே ஒற்றைச் சேவலை வைத்து எடுத்த முடிவில் தவறுகிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில், ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் ஒரு சண்டைச் சேவலுக்கு நடுகல்லே நட்டிருக்கிறார்கள். அது எந்தச் சேரிக் கோழி என்று பொறித்தவர்கள், அதன் தகப்பன் பெயரைப் பொறிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

லைனை நிஜமாகவே ஒப்பிட்டவர்கள் உண்டு. அசில் ரத்தம் 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் போய், அங்கே ‘இந்தியன் கேம்’ என்ற இனத்துக்குள் புகுந்தது. அதுதான் பின்னால் கார்னிஷ். அமெரிக்காவில் 1948-ல் ‘நாளைய கோழி’ என்று ஒரு தேசியப் போட்டி. கார்னிஷ் கலப்பில் வந்த வான்ட்ரெஸ் கோழிகள் ஜெயித்தன. இன்றைய பிராய்லருக்கு வழிபோட்ட போட்டி அது. எனக்குப் பிராய்லர் மேல் காதல் இல்லை. அவர்கள் போட்டி நடத்திய முறையைப் பாருங்கள். யாரும் சேவலைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் நிறுத்தவில்லை. முட்டைகளை அனுப்பினார்கள். எல்லார் முட்டையும் ஒரே இடத்தில் பொரிந்து, ஒரே தீவனம் தின்று, ஒரே வயதில் நிறுத்துப் பார்க்கப்பட்டது. தாத்தன் படம் எதற்கும் உதவவில்லை.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். சேவல் வாங்காதே, முட்டை வாங்கு. ராஜபாளையத்து சேவலுக்கு இரண்டு வயது. வில்லிபுத்தூர்ப் பட்டாவுக்கு ஒன்பது மாதம், வாலே இன்னும் முடிந்தபாடில்லை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி என்ன கண்டுபிடிப்பாய்? இரண்டு இடத்திலும் ஒரே வாரத்து முட்டை வாங்கி, பென்சிலில் குறி போட்டு, கலந்து அடை வை. ஒவ்வொரு தாய்க்கோழிக்கு அடியிலும் இரண்டு வீட்டு முட்டையும் இருக்கட்டும். அப்போது தாயின் கவனிப்பு இரண்டுக்கும் பொது. பொரிந்ததும் காலில் வளையம். செத்ததையும் எழுது. ஒரு டஜனுக்கு ஒன்பது பொரிந்தது, இன்னொரு டஜனுக்கு ஏழு என்றால் குதிக்காதே, காசு சுண்டினாலே அந்த வித்தியாசம் வரும். மூன்று நாலு அடை போகட்டும்.

மூக்கு? அதற்கு எட்டு மாதமாவது பொறு என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கைக்கிளிக்குத் தினமும் மாதுளம்பூவில் புது மூக்கு செய்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

கோழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவர் முட்டை தரச் சம்மதித்தார், விலை மட்டும் கூட. ராஜபாளையத்துக்காரர் முட்டை என்றதும் எழுந்துவிட்டார். “சேவல் எத்தன வேணாலும் எடுத்துக்கோங்க தம்பி. முட்ட மட்டும் குடுக்க மாட்டோம். முட்ட போனா லைனே வெளிய போயிரும்ல.” வேறு எந்தக் கேள்விக்கும் இவ்வளவு தெளிவான பதில் அவரிடமிருந்து எனக்கு வரவில்லை. கிளம்பும்போது, அந்தப் பிரேம் போட்ட தாத்தனோடு ஒரே அடையில் பொரிந்ததெல்லாம் என்ன ஆச்சு அண்ணாச்சி என்று கேட்டேன். யோசித்தார். ரெண்டு வெடை இருந்ததாக ஞாபகம் என்றார்.