பூனைக் கதவு: கொல்லைப்புறத்தில் மாட்டிப் பார்த்த அனுபவம்

"ஏழாயிரம் ரூபாய்க் கதவுல ஓட்டை போடப் போறியா?" என்றுதான் வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பூனைக் கதவு என்கிற இந்தச் சாமான் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை மாட்டப்போகும் கதவின் விலை அதைப்போலப் பல மடங்கு. பிடிக்காவிட்டால் சாமானைத் திருப்பி அனுப்பிவிடலாம், ஓட்டையை என்ன செய்வது? அதனால் இந்த விமர்சனத்தில் சாமானுக்குப் பாதி இடம், கதவுக்குப் பாதி இடம்.

எங்களுடையது சென்னைப் புறநகரில் ஒரு தரைத்தள வீடு. சமையலறையிலிருந்து கொல்லைக்குப் போக ஒரு ஃபிளஷ் டோர், அதே நிலையில் வெளிப்பக்கம் ஒரு கொசுவலைக் கதவு. வளர்ப்பது சுந்தரி என்கிற பெட்டை. நாலு கிலோ எடை, கருத்தடை ஆனது. பகலெல்லாம் ஃபிரிட்ஜ் மேல் தூங்கிவிட்டு விடியற்காலையில் கதவைப் பிறாண்டுவது அதன் வழக்கம். திறந்துவிட்டால் போகும், தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தால் திரும்பி வந்து கொசுவலையைப் பிறாண்டும். வலையை மாற்றி மாற்றி அலுத்துப்போய்தான் இந்த முடிவு.

ஓட்டு வீட்டில் பூனைக்கென்று யாரும் கதவு வைத்ததில்லை. முற்றம் இருந்தது, கூரை இடுக்கு இருந்தது, அது தன் பாட்டுக்கு வந்து போனது. குளிர் நாடுகளில் கதவை எந்நேரமும் சாத்தியே வைக்கவேண்டும் என்பதால் அங்கே இது பழைய விஷயம். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தில், வானியல் கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் மரக்கதவில் வட்டமாக ஒரு பூனை ஓட்டை இன்றும் இருக்கிறது. 1598-இல் அதை வெட்டியதற்குத் தச்சர்களுக்கு எட்டு பென்ஸ் கூலி கொடுத்ததாகக் கணக்கு உண்டு. பூனைக் கதவைக் கண்டுபிடித்தவர் ஐசக் நியூட்டன் என்று அடிக்கடி ஒரு கதை சுற்றும், நம்பவேண்டாம். அவர் பிறந்தது 1642-இல்.

சாமானுக்கு வருவோம். நான் வாங்கியது நான்கு நிலைப் பூட்டுள்ள சாதாரண பிளாஸ்டிக் கதவு. ஒரே அச்சில் வார்த்தது போன்ற இந்த மாதிரி இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்கிறது, ஆகவே எது என்று சொல்லிப் பயனில்லை. உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம், நடுவில் இரண்டு பக்கமும் ஊசலாடும் கண்ணாடி போன்ற மடல். மடலின் அடியில் ஒரு சின்னக் காந்தம். காற்றுக்குப் படபடக்காமல் நடுவில் பிடித்து நிறுத்துவது அதுதான். சுற்றிலும் மெல்லிய நைலான் பிரஷ். உள்பக்கத் திருகியைத் திருப்பினால் நான்கு நிலை: போகலாம் வரலாம், போக மட்டும், வர மட்டும், முழுப் பூட்டு. வழி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் சதுரம். நம் ஊர் நாட்டுப் பூனைக்குத் தாராளம். பெர்ஷியன் வகையில் ஆறு கிலோவைத் தொட்ட கடுவன் இருந்தால் அடுத்த அளவு வாங்குங்கள்.

இதில் மேல்ரகங்களும் உண்டு. பூனையின் கழுத்துப்பட்டையில் காந்தச் சாவியைக் கட்டி, அது கிட்டே வந்தால் மட்டும் திறக்கும் வகை ஒன்று. அதை நான் தொடமாட்டேன். பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கும் தெருவில் காந்தத்தோடு பூனையை அனுப்பினால் ஆணியும் கம்பித் துண்டும் கழுத்தில் ஒட்டிக்கொண்டு வரும். நல்ல பட்டை என்றால் எங்காவது மாட்டினால் தானே கழன்றுவிட வேண்டும். கழன்றால் சாவியும் போச்சு.

உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது சிப் படிக்கும் வகை. பிரிட்டனின் ஷ்யூர்ஃபிளாப் இதில் பெயர்பெற்றது. கால்நடை மருத்துவர் பூனையின் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்தும் அரிசி அளவு மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைக் கதவு படித்து, தெரிந்த எண்ணாக இருந்தால் பூட்டைத் திறக்கும். 32 பூனைகள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும், நான்கு ஏ.ஏ. பேட்டரியில் ஓடும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்குச் சிப் கட்டாயம். ஆகவே அங்கே இந்தக் கதவை வாங்குபவரின் பூனைக்குள் சாவி ஏற்கெனவே இருக்கிறது. இங்கே முதலில் சிப் போடவேண்டும், பிறகு பல மடங்கு விலை கொடுத்து வரவழைக்கவேண்டும், பழுதானால் பார்க்க ஆள் தேடவேண்டும். தெருவில் கடுவன்களின் தொல்லை தாங்கமுடியாதவர்களுக்கு மட்டுமே அது தேவைப்படும். அந்தத் தொல்லையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி வெட்டு வேலை. ஜிக்சா கைவசம் இருப்பவர்கள் தாங்களே செய்யலாம். நான் எங்கள் ஆசாரியைக் கூப்பிட்டேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அவர் பெட்டியைத் திறக்கும் முன் கதவின் அடிப்பகுதியை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போனார்.

"கீழ்ச் சட்டத்தைத் தொட்டுட்டா கதவு பிரிஞ்சுக்கும் மேடம். ரெண்டு இஞ்ச் மேல போயிடலாம்."

ஃபிளஷ் டோரின் விளிம்பைச் சுற்றிப் பலகைச் சட்டம் ஓடுகிறது, நடுவில் நிரப்பு. சட்டத்தை விட்டுவிட்டு நிரப்பில்தான் வெட்டவேண்டும். பழைய பேனல் கதவு என்றால் கீழ்க் குறுக்குச் சட்டத்தை அறவே தொடக்கூடாது. அதற்கு மேலே இருக்கும் பலகையில் வெட்டலாம். ஆனால் அந்தப் பலகை மெலிதாக இருக்கும், பூனைக் கதவின் சட்டம் இறுகப் பிடிக்காமல் ஆடும், பின்னால் ஒரு பிளைவுட் துண்டு வைத்துத் தடிமன் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பூனை நிற்கும்போது அதன் வயிறு எந்த உயரமோ அந்த உயரத்தில் வழியின் கீழ் விளிம்பு வரவேண்டும், அதாவது 12 முதல் 15 சென்டிமீட்டர். நம் கொல்லைக் கதவுகளில் இந்தக் கணக்கு ஒரு பக்கத்துக்குத்தான் சரிவரும். மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வெளித்தரையை ஒரு படி இறக்கித்தானே கட்டுகிறோம்? உள்ளேயிருந்து வயிற்றளவு இருப்பது வெளியே மார்புக்கு மேல் போய்விடும். வெளியில் ஒரு ஹாலோ பிளாக்கைப் படியாகப் போட்டதில் சரியாயிற்று.

ஆசாரி கதவைக் கீலிலிருந்து கழற்றி இரண்டு ஸ்டூல்கள் மேல் படுக்கவைத்தார். சமையலறையைப் பார்க்கும் லேமினேட் முகம் கீழே, வெளிமுகம் மேலே. ஏனென்று கேட்டேன். ஜிக்சா பிளேடின் பல் மேல்நோக்கி இழுத்து வெட்டுகிறது, சில்லு பெயர்வதென்றால் மேல்முகத்தில்தான் பெயரும், நல்ல முகம் அடியில் பத்திரமாக இருக்கும். பெட்டியோடு வந்த காகித அச்சை வைத்து, ரசமட்டம் பார்த்து, கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினார். நான்கு மூலையிலும் பத்து மில்லிமீட்டர் துளை போட்டு, பொடிப்பல் பிளேடால் நிதானமாக ஓட்டினார். வெட்டிய துண்டு விழுந்ததும்தான் ஏழாயிரம் ரூபாய்க் கதவின் உள்ளழகு தெரிந்தது: ரீப்பர் துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளிகள். மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அதில் அடைத்து, காய்ந்தபின் தேய்த்து, விளிம்பு முழுக்க இரண்டு கை பிரைமர் அடித்தார். இந்த வேலையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஃபிளஷ் டோரில் பிளையை ஒட்டியிருக்கும் பசை மலிவு ரகமாக இருந்தால், திறந்த விளிம்பில் ஒரு ஐப்பசி மழை இறங்கினால் போதும், அப்பளமாக எழும்பிக்கொள்ளும்.

மாட்டும்போது குறை சொல்ல இரண்டு விஷயம் கிடைத்தது. பெட்டியில் வந்த ஸ்க்ரூக்களின் தலை மெழுகுபோல் வழுக்கியது. ஹார்டுவேர் கடையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேறு வாங்கினோம். அடுத்தது, கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலே பிளாஸ்டிக் சட்டம் வளைந்து மடல் பக்கத்தில் உரசுகிறது. நான்கையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, மடலை ஒரு விரலால் தள்ளிவிட்டு அது தானாக வந்து காந்தத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். நின்றால் போதும், அதற்கு மேல் முறுக்காதீர்கள். வெளிச்சட்டத்தைச் சுற்றி மட்டும் சிலிகான் பூசினோம்.

இந்தச் சாமானோடு வரும் குறிப்புத்தாளில் இல்லாதது கொசுவலைக் கதவு. ஒரே நிலையில் இரண்டு கதவு, நடுவில் மூன்று விரல் இடைவெளி. மரக்கதவின் மடல் வெளியே ஊசலாட இடம் வேண்டும். வலைக்கதவிலும் இன்னொரு மடலை மாட்டினால் இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும், பூனை நடுவில் திணறும். நாங்கள் செய்தது இது: வலைக்கதவின் அடிப்பாகத்தில் வலையை எடுத்துவிட்டு ஒரு பிளைவுட் பலகை, அதில் மடல் தாராளமாக ஆடும் அளவுக்கு வெறும் ஓட்டை, அந்த ஓட்டையை மூட ஒரு சின்ன நகரும் தட்டு. சாயங்காலம் காற்றுக்காக மரக்கதவைத் திறந்துவைக்கும்போது தட்டைத் தள்ளி மூடிவிடுகிறோம். வலையிலேயே மாட்டும் மெல்லிய பூனைக் கதவும் விற்கிறது. வலைக்கதவு மட்டுமே உள்ளவர்களுக்கு அது பொருத்தம்.

அடுக்ககத்துப் பால்கனிக் கண்ணாடிக் கதவா? அது டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் வெட்டவே முடியாது, துளையிட்ட மறுகணம் முழுவதும் பொடியாகிவிடும். துளையோடு புதுக் கண்ணாடி செய்யச் சொல்லி, அதற்குப் பிறகுதான் பதப்படுத்த வேண்டும். மூன்றாம் மாடிப் பூனைக்கு இந்தச் செலவு எதற்கு, பால்கனியில் வலை கட்டுங்கள்.

தாழ்ப்பாள் விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. நம் பின்கதவுகளில் கீழே ஒரு தாழ்ப்பாள் இருக்கும், தரையிலிருந்து ஒரு சாண். பூனை வழி வைத்த பிறகு ஒரு ஒல்லியான ஆள் கையை விட்டால் அது எட்டும். கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றி மேலே மாற்றி, நடுவில் அல்ட்ராப்புக்கு உள்பக்கம் பூட்டும் போட்டோம். ஆசாரியின் கூலியில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூனைக்குப் பழக்குவதுதான் பெரிய பாடு என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். இருப்பதிலேயே சுலபமான வேலை அதுதான். முதலில் மடலை மேலே தூக்கி டேப் ஒட்டிவிட்டு, மறுபக்கம் வறுத்த நெத்திலிக் கருவாடு ஒன்றை வைத்தேன். வெறும் ஓட்டை என்று தெரிந்ததும் சுந்தரி தயங்கவில்லை. பிறகு மடலைப் பாதி இறக்கி, அப்புறம் முழுக்க விட்டேன். வெளியே போகத் தலையால் முட்டக் கற்றுக்கொண்டது. உள்ளே வர மட்டும் இன்றைக்கும் நகத்தால் மடலைத் தன் பக்கம் இழுத்துத்தான் நுழைகிறது. அது அதன் பாணி. தூக்கிக் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள், ஒருமுறை பயந்தால் கிட்டேயே வராது. மடல் ஒளி ஊடுருவுவதாக இருக்கட்டும். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் எந்தப் பூனையும் தலை நீட்டாது.

தெருக் கடுவன் இதை இன்னும் சீக்கிரம் கற்றுக்கொண்டது. ஒருநாள் மதியம் சுந்தரியின் தட்டில் ஒரு காது கிழிந்த மஞ்சள் கடுவன் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. சாதாரணப் பூனைக் கதவின் அடிப்படைக் குறை இதுதான்: தள்ளத் தெரிந்த எல்லோருக்கும் அது கதவு. பெருச்சாளி தள்ளும். சென்னையில் மரநாய் உலாவும் பகுதிகளில் அதுவும் நுழையும், உடம்பு பூனை அளவுதானே. தட்டை வேறு அறைக்கு மாற்றியதில் கடுவனின் வருகை குறைந்தது. இரவு விளக்கணைக்கும்போது சுந்தரி உள்ளே இருந்தால் முழுப் பூட்டு, இல்லாவிட்டால் 'வர மட்டும்'. விடிந்ததும் திருகியைத் திருப்பிவிடவேண்டும். அந்த ஒரு வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. சுந்தரி வேட்டையாடியதை வாயில் கவ்விக்கொண்டு நேராகச் சமையலறைக்கே வரும் வசதியும் இப்போது கிடைத்திருக்கிறது. ஓணான் என்றால் பரவாயில்லை. பாதி உயிரோடு எலி வந்தால் காலையில் யார் முதலில் எழுந்திருப்பது என்று வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கும்.

கொசு இந்த வழியாகப் பெரிதாக வருவதாகத் தெரியவில்லை, பிரஷ் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் பிரஷில் பூனை முடி சேர்ந்துவிடுகிறது. அவ்வப்போது பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்காவிட்டால் மடல் முழுவதும் மூடாமல் நிற்கும். சாரல் அடிக்கும்போது கீழ் விளிம்பில் சில சொட்டுத் தண்ணீர் கசிகிறது. மேலே சின்ன சன்ஷேடு இருப்பதால் எங்களுக்கு அது பிரச்சினையாகவில்லை. நேராக மழை அடிக்கும் கதவில் மாட்ட வேண்டாம்.

தீர்ப்பு இதுதான். கொல்லையோ தோட்டமோ உள்ள சொந்த வீடு, ஃபிளஷ் டோர், ஒன்றிரண்டு பூனை என்றால் நான்கு நிலைப் பூட்டுள்ள சாதாரணக் கதவே போதும். மிச்சம் பிடிக்கும் பணத்தை நல்ல ஆசாரிக்கும் பிரைமருக்கும் கொடுங்கள். வாடகை வீட்டில் வெட்டாதீர்கள். ஆர்டர் போடும் முன் கதவின் தடிமனையும், இரண்டு பக்கத் தரை உயரத்தையும், கீழ்த் தாழ்ப்பாள் இருக்கும் இடத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடியாத பூனை என்றால், அவை முடியும்வரை நீங்களே கதவைத் திறந்து மூடுங்கள்.