பெயரிலிருந்து வெளியேறிய வலி

எம்.ஈ. என்ற நோயைப் பற்றி ஆங்கிலத்தில் இன்று ஒரு சிறு இலக்கியமே சேர்ந்துவிட்டது. நினைவுக் குறிப்புகள், நீண்ட கட்டுரைகள், ஓர் ஆவணப்படம். ஆறு வருடமாக இந்த நோயோடு இருப்பவன் என்பதால் கிடைத்தவற்றையெல்லாம் ஒருவிதப் பேராசையோடு வாசித்தேன். என் உடம்பை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுகிற வாசிப்பு அது. நல்ல வாசிப்பு முறை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வாசித்ததால் ஒன்று கண்ணில் பட்டது. இந்த எழுத்துகளில் களைப்பு இருக்கிறது, தலைச்சுற்றல் இருக்கிறது, வைத்தியர்களின் அவநம்பிக்கை நிறையவே இருக்கிறது. தசை வலி மட்டும் அறிகுறிப் பட்டியலில் ஒரு சொல்லாக வந்துவிட்டுப் போய்விடுகிறது.

என்னைப் போன்றவர்களுக்கு நாளின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்தான். துவைத்த துணிக் கூடையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். அன்று ஒன்றுமில்லை. மறுநாள், சிலவேளை அதற்கும் மறுநாள், தொடையும் தோளும் பத்து மைல் நடந்தவனுடையவை ஆகிவிடுகின்றன. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் ஒரு முழு நாள் இடைவெளி. கணினி வேலையில் இப்படி ஒரு பிழை வந்தால் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடலாம். உடம்பு பதிவேடு வைப்பதில்லை.

பெயரின் வரலாற்றிலும் இந்த வலிக்கு ஒரு கதை உண்டு. 1955 யூலையில் லண்டன் கிரேஸ் இன் வீதியில் இருந்த றோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் தாதியரும் வைத்தியர்களுமாக ஏறத்தாழ 300 ஊழியர்கள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். வைத்தியசாலையையே ஒக்ரோபர் வரை மூடவேண்டி வந்தது. அடுத்த வருடம் 'லான்செட்' இதழ் இதற்கு ஒரு பெயரை முன்வைத்தது. அதில் 'மயால்ஜிக்' என்ற சொல் இருந்தது. தசை வலி என்பதுதான் அதன் பொருள். அதாவது பிறக்கும்போது இந்த நோயின் பெயருக்குள் வலி இருந்தது. 1970இல் மக்எவடி, பியர்ட் என்ற இரு உளமருத்துவர்கள், நோயாளிகளைப் பரிசோதிக்காமல் பழைய குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள் என்பதும் அவர்களுக்கு ஒரு சான்றாகப் பட்டது. 1988இல் அமெரிக்கர்கள் 'நாட்பட்ட களைப்பு' என்று புதுப்பெயர் வைத்தபோது வலி பெயரைவிட்டே வெளியேறியது. 2003இன் கனடிய வரையறை வலியை மறுபடி கட்டாய அறிகுறிகளில் சேர்த்தது. 2015இன் அமெரிக்க வரையறை அந்த இடத்தை அதற்குக் கொடுக்கவில்லை. குடும்பப் பதிவில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்ததுபோல.

இந்தப் பின்னணியில்தான் ஜெனிபர் பிரியாவின் 'அன்ரெஸ்ட்' (2017) படத்தைப் பார்க்கவேண்டும். ஹார்வார்டில் ஆய்வு மாணவியாக இருந்தவர், படுக்கையில் கிடந்தபடி இணையவழியாகவே பெரும்பகுதியை இயக்கிய படம். இந்த நோய்க்குக் கிடைத்த மிக முக்கியமான கலைப்படைப்பு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. டென்மார்க்கில் வீட்டிலிருந்து அரச அதிகாரத்தால் கொண்டுபோகப்பட்ட கரீனா ஹான்சனின் கதையை ஒருமுறைக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. ஆனால் கமெரா தரையில் தவழ்வதைக் காட்டும், மூடிய திரைச்சீலையைக் காட்டும், வலி வரும் இடங்களில் முகத்தைக் காட்டும். தசைக்குள் நடப்பது முகத்தில் பாதிதான் தெரியும். இது பிரியாவின் குறையல்ல, ஊடகத்தின் எல்லை.

எழுத்துக்கு அந்த எல்லை இல்லை. அதனால்தான் லோரா ஹில்லன்பிரண்டிடம் எனக்கு மனத்தாங்கல். பந்தயக் குதிரை 'சீபிஸ்கட்' பற்றி 2001இல் அவர் எழுதிய நூலில் குதிரையின் கால்களும், எடை குறைக்கப் பட்டினி கிடக்கும் ஜொக்கிகளின் உடம்பும் எவ்வளவு நுட்பமாக வருகின்றன! 2003இல் 'நியூயோர்க்கர்' இதழில் தன் நோயைப் பற்றி எழுதிய கட்டுரையில் தலைச்சுற்றலை வாசகரும் கட்டிலைப் பிடித்துக்கொள்ளுமளவுக்கு எழுதுகிறார். வலிக்கு அந்த உழைப்பைக் கொடுக்கவில்லை. பிறர் தசையை எழுதிய கை தன் தசைக்கு வரும்போது சிக்கனமாகிவிடுகிறது. எலிசபெத் ரோவா பெய்லி 2010இல் வெளியிட்ட நூலில், நீண்ட நோயில் கிடக்கும் ஒருவர் படுக்கையருகே பூச்சட்டியில் வந்த நத்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது இதுதான். ஒற்றைத் தசைப் பாதத்தில் ஊரும் அந்த உயிரைப் பற்றி எழுதியே, புரண்டு படுப்பதன் விலையை அவர் நமக்குச் சொல்லிவிடுகிறார்.

வேர்ஜினியா வூல்ஃப் 1926இல் நோய் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு முறைப்பாடு உண்டு. காதலைச் சொல்ல ஷேக்ஸ்பியரிடம் போகலாம், தலையிடியைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை என்பது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 'தலையிடி' என்று சொன்னாலே எங்கள் ஊரில் வலியின் வகை வந்துவிடுகிறதே. கால் உளையும். எலும்புக்குள் குடையும். கை கடுக்கும். கழுத்துப் பிடிக்கும். கெண்டைக்கால் குறண்டும். புண் எரியும், நரம்பு விண்விண்ணென்று தெறிக்கும். ஆங்கிலத்தில் நான் வலியை 'வைத்திருக்கிறேன்'. தமிழில் காலே எழுவாய். கால்தான் உளைகிறது, நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல் என்று கேட்கும் வைத்தியரிடம், உளைவு வேறு குடைச்சல் வேறு என்று எப்படிச் சொல்வது? இரண்டும் ஆறுதான்.

ஆனால் இந்தச் செல்வத்தைப் பற்றி நாம் பெருமைப்படுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'உளைச்சல்' என்ற சொல் உடம்பை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இன்று பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அது 'மன உளைச்சல்' மட்டும்தான். என் அம்மா ஒருமுறை தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் ஊடாக வைத்தியரிடம் "உடம்பெல்லாம் ஒரே உளைச்சல்" என்றார். மறுமுனையில் இருந்த பெண் அதை மனக்கவலை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு முழங்கால் மருந்துக்குப் பதிலாக ஆலோசகரின் தொலைபேசி எண் கிடைத்தது. அந்தப் பெண்ணைக் குறைசொல்ல முடியாது, அவர் அறிந்த தமிழில் அது சரி. 1970இல் இரு வைத்தியர்கள் செய்த வேலையை இங்கே ஒரு சொல் தானாகவே செய்துகொண்டிருக்கிறது. தசையிலிருந்து மனத்துக்கு.

சொல் இருப்பதால் நம்பிக்கை இருக்கிறது என்றும் இல்லை. "கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் தம்பி" என்று சொல்லாத உறவினர் எனக்கு லண்டனில் இல்லை. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை இங்கிலாந்தின் 'நைஸ்' வழிகாட்டியே 2021இல் கைவிட்டுவிட்டது என்று சொன்னால், சித்தாலேப பூசிப் பார்த்தாயா என்பார்கள். (பூசினேன். வாசம் நல்லது.) நெடுங்கோவிட் நோயாளிகளின் தசையை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் கிள்ளி எடுத்து ஆராய்ந்த அம்ஸ்ரர்டாம் ஆய்வு 2024இல் வந்தது. பயிற்சிக்குப் பின் சேதம் கூடியிருந்தது. எம்.ஈ.க்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அந்தப் பக்கங்களை நான் ஒரு கவிதைத் தொகுதியைப்போல மேசையில் வைத்திருக்கிறேன்.

தமிழில் வலி எழுதப்படாமலில்லை. அப்பரின் சூலைநோய்ப் பதிகம், வலி எங்கே, எப்படி என்று உடம்புக்குள் இடம் சுட்டிப் பேசுவது. ஆனால் நம் மரபில் பிணி பாட்டாகிறது, பாட்டு பிணியைத் தீர்க்கிறது. தீராத நோய்க்கு அந்தக் கதைவடிவம் உதவாது. உச்சமும் முடிவும் இல்லாததை எப்படிக் கதையாக்குவது? பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் டோடே தன் நோயின் வலியைச் சிறு சிறு குறிப்புகளாகவே விட்டுப்போனார். 1897இல் அவர் இறந்து பல வருடம் கழித்து, 1930இல்தான் நூலாக வந்தது. ஜூலியன் பார்ன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கலாம். கதையாக்க முயலாததே அதன் பலம். ஒவ்வொரு குறிப்பும் வலியை முதல்முறை சந்திப்பதுபோல் இருக்கிறது.

அப்படியொரு நூல் தமிழில் வரவேண்டுமானால் உளைவையும் கடுப்பையும் குடைச்சலையும் அறிந்த ஒருவர்தான் எழுதவேண்டும். இங்கே பிறந்த என் மகளிடம் 'வலி' என்ற ஒரு சொல்தான் இருந்தது. என் கைப்பேசிக் குறிப்புகளில் 'இன்று உளைவு, நேற்றுக் கடுப்பு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் அப்பா என்று கேட்டாள். விளக்க அரை மணித்தியாலம் ஆனது. இப்போது என்னைக் கேட்காமலே தன் குறிப்பேட்டில் இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைக்கிறாள். எழுத்துக்கூட்டல் தாறுமாறு. நான் திருத்தவில்லை.