சுருக்கம் வேறு, மெலிவு வேறு

நெற்றியில் கோடு விழுவது ஒன்று. தோல் மெலிந்துபோவது வேறொன்று. அழகு கிளினிக் விளம்பரங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்: 'ஆன்டி ஏஜிங்'. கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், அரை மணி நேரத்தில் பத்து வயதைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற வாக்குறுதியும் இரண்டுக்கும் பொது. அதில் பாதி மெய்தான். எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

மெய்யான பாதிக்குப் போடாக்ஸே சாட்சி. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், இமை தானாக இறுகிக்கொள்ளும் நோய்க்குப் பாட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் ஊசியாகப் போட்டுவந்தார். 1987-ல் அவரிடம் வந்த ஒரு பெண், இந்த முறை புருவத்துக்கு நடுவில் ஏன் போடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அங்கே போட்டால் முகத்தில் கவலை தெரிவதில்லையாம்! ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். விஷயம் அவர் காதுக்குப் போனது. 1992-ல் இருவரின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ புருவ நடுக் கோடுகளுக்கு இந்த நச்சைப் போடாக்ஸ் என்ற பெயரில் பயன்படுத்த அனுமதி தந்தது.

செய்முறை எளிது. குப்பியில் உள்ள பொடியை உப்புநீரில் கரைத்து, புருவங்களுக்கு நடுவே ஐந்து புள்ளிகளில் நான்கு நான்கு யூனிட்டாக இருபது யூனிட் ஏற்றுகிறார்கள். தசையைச் சுருக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் ரசாயனம் தடைபடுகிறது. சில நாளில் தசை தளர்ந்து, மேலே மடிந்திருந்த தோல் விரிகிறது. மூன்று நான்கு மாதத்தில் பழைய நிலை திரும்பிவிடும். மறுபடி ஊசி, மறுபடி பில். ஆனாலும் சொன்னதைச் செய்கிற மருந்து என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அது வேலை செய்வது தசையில். தோலின் தடிமனை அது கூட்டுவதில்லை.

எழுபதைத் தாண்டியவர்களின் முன்கையைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கதவில் லேசாக இடித்தாலே ஊதா நிறத் திட்டு. பிளாஸ்திரியை உரித்தால் தோலும் சேர்ந்து கிழிகிறது. அங்கே முடக்கிவைக்க முகபாவத் தசை எதுவும் இல்லை. தோலுக்கு உரம் தருவது கொலாஜன் என்ற புரதம். வயது வந்த பிறகு அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் பெண்கள் சுமார் 30 சதவீதத்தை இழக்கிறார்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்கிறது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டிய 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படத்தை 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்டது. ஜன்னல் பக்கமிருந்த கன்னத்தில் ஆழ்ந்த வரிகள், மறுபக்கம் அவருக்கு இளைய தம்பி ஒருவரின் முகம்போல.

மெலிவுக்கு மருந்தாகக் கிளினிக்குகள் முதலில் நீட்டுவது ஃபில்லர். தோலில் இயல்பாகவே இருக்கும் ஹையலூரோனிக் அமிலத்தைக் கூழாக்கி உள்ளே செலுத்துகிறார்கள். இதை வெறும் பஞ்சடைப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. 2007-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் நைந்த முன்கைகளில் இக்கூழைச் செலுத்திப் பார்த்தபோது, சுற்றியிருந்த செல்கள் இழுபட்டு, புதிய கொலாஜனை உண்டாக்கத் தொடங்கின. நல்ல செய்திதான், ஆனால் சோதனைக்கு உட்பட்டவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரின் கையில் கண்டதை எல்லார் முகத்துக்கும் உத்தரவாதமாக எழுதித் தரக் கூடாது.

தோல் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு ஃபில்லர் காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குக் கீழே தோலின் மேல்மட்டத்திலேயே செலுத்திவிட்டால் நீலம் பாரித்து, புடைத்துத் தெரியும். இதற்காவது ஹையலூரோனிடேஸ் ஊசி போட்டுக் கரைக்க வழியுண்டு. ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் கதை வேறு. புருவ நடுவிலும் மூக்கிலும் உள்ள நாளங்கள் கண்ணுக்குப் போகும் நாளங்களோடு தொடர்புள்ளவை. முகத்தில் செலுத்திய பொருள் விழித்திரையின் ரத்த ஓட்டத்தை அடைத்துப் பார்வையைப் பாதித்த 98 நிகழ்வுகளை 2015-ல் ஒரு மருத்துவக் கட்டுரை தொகுத்தது. அவற்றில் ஏறத்தாழ பாதி, நோயாளியின் சொந்தக் கொழுப்பையே எடுத்துச் செலுத்தியதால் வந்தவை. கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் அதே ஜீன் கரூதர்ஸ். உலகமெங்கும் போடப்படும் ஊசிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது மிக அரிதுதான். ஆனால் ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கிற விஷயமல்ல.

ரேடியோ அலைக் கருவிகளும் லேசரும் தோலைத் திட்டமிட்டுச் சுட்டு, ஆறும்போது கொலாஜன் கூடும் என்று காத்திருக்கும் முறைகள். பலன் உண்டு, ஆளுக்கு ஆள் மாறும். மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் தோலில், சூடு சற்று மிஞ்சினாலும் சுருக்கம் போன இடத்தில் கரும்படை வந்து உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைத் தோலுக்கான அளவை அப்படியே திருப்பிவைக்கும் கிளினிக்கில் இந்த ஆபத்து அதிகம்.

பிறகு, ஊசி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் உரிமமே இல்லாத ஒரு ஸ்பா, வாடிக்கையாளரின் ரத்தத்தையே எடுத்து முகத்தில் ஏற்றும் 'வேம்பயர் ஃபேஷியல்' செய்துவந்தது. சோதனைக்குப் போனவர்கள் கண்டது, உணவுப் பொருளோடு ஒரே குளிர்சாதனப் பெட்டியில் ரத்தம் பிடித்துவைத்த சோதனைக் குழாய்கள். 2018-ல் கடையை மூடினார்கள். அங்கே சிகிச்சை பெற்ற மூன்று பெண்களுக்காவது அதன் வழியாக எச்ஐவி தொற்றியிருக்கக்கூடும் என்று 2024-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிக்கை சொன்னது.

மெலிந்த தோலுக்கு வலுவான சான்றுள்ள இரண்டு பொருள்களும் ஊசியில் வருவதில்லை. ஒன்று சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 903 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு. மற்றது டிரெட்டினாயின். முகப்பருவுக்கு வந்த இந்த மருந்து வெயிலில் முதிர்ந்த தோலையும் சீராக்குகிறது என்று 1986-ல் எழுதியவர் ஃபிலடெல்ஃபியாவின் ஆல்பர்ட் கிளிக்மன். 1993-ல் வெளியான ஆய்வொன்றில் பத்துப் பன்னிரண்டு மாதம் பூசியவர்களுக்குக் கொலாஜன் உருவாக்கம் 80 சதவீதம் கூடியது. வெறும் களிம்பு பூசியவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. முதல் சில வாரங்கள் தோல் சிவந்து உரியும், கர்ப்பிணிகள் தொடக் கூடாது, பலனுக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ட்யூபின் விலை சில நூறு ரூபாய். விளம்பரப் பலகைகளில் அதற்கு இடமில்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. (கிளிக்மன் புனிதர் அல்லர். ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் உடம்பில் அவர் நடத்திய சோதனைகளுக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மருத்துவ அமைப்பு 2021-ல் மன்னிப்புக் கேட்டது.)

அதே கிளிக்மன் 1975-ல் கரும்படைக்கு ஒரு கலவை சொன்னார்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. அதன் வாரிசுகள் இந்திய மருந்துக் கடைகளில் சிவப்பழகு கிரீமாக வேடம் மாறி வந்தன. சீட்டு கேட்காமலே பல ஆண்டுகள் விற்பனையாயின. ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும், பிறகு தோலை மெலிய வைக்கும். இருபத்தைந்து வயதிலேயே கன்னத்தில் சிவப்பாக ரத்த நாளங்கள் தெரிய, வெயில் பட்டால் எரிகிறது என்று வருபவர்களைப் பார்த்துச் சலித்த தோல் மருத்துவர்கள் குரல் கொடுத்ததில், 2018-ல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட முகத்துக்கு ஃபில்லரோ லேசரோ முதல் சிகிச்சை அல்ல. மருத்துவர் மேற்பார்வையில் அந்த ட்யூபை விடுவதுதான். விட்டதும் சில வாரங்கள் முகம் முன்னைவிடச் சிவந்து எரியும். அதைத் தாங்க முடியாமல் பலர் மறுபடி அதே கடைக்குப் போய் அதே ட்யூபை வாங்குகிறார்கள்.